ஓடும் வீடும் அதில் ஒளிந்திருக்கும் வரலாறும்



பூசை அறையில் உள்ள குத்துவிளக்கைப் புளியிட்டுத் தேய்த்துப் பளபளக்கச் செய்கிறோம். அதில் தவறில்லை. நாளும் ஏற்றும் விளக்கு துலக்கமாக இருப்பதே அழகு. ஆனால் ஆயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட செப்பேடு ஒன்று நிலத்தடியிலிருந்து கிடைக்குமானால் அதையும் அவ்வாறே தேய்ப்போமா? தேய்க்க மாட்டோம். அழுக்கோடு எழுத்தும் போய்விடுமே என்று அஞ்சுவோம். விளக்கு நாம் பயன்படுத்தும் பொருள். செப்பேடு நமக்குச் சான்று கூறும் பொருள். பயன்படும் பொருளைத் துலக்குகிறோம். சான்று கூறும் பொருளைக் காக்கிறோம்.

ஒரே பொருள் இவ்விரண்டுமாக இருந்தால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு விடை காண, இன்றைய உரையில் ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். உள்ளே படுக்கையும் அடுப்பும் அலமாரியும் கொண்டு, சென்ற இடமெல்லாம் வீடாக மாறும் வண்டி அது. 'கேம்பர் வேன்' என்று வழங்கும் அதனை இவ்வுரையில் 'வீட்டு வேன்' என்று குறிப்பிடுவோம். ஐம்பது, அறுபது ஆண்டுகட்கு முன் செய்யப்பட்ட இத்தகைய வேன்கள் இன்றும் பல நாடுகளில் கொட்டகைகளிலும் புற்றரைகளிலும் துருப்பிடித்துக் கிடக்கின்றன. அவற்றைத் தேடி எடுத்துத் துப்புரவாக்கி மீண்டும் ஓடச் செய்வோர் ஆயிரக்கணக்கில் உள்ளனர். அவர்கள் செய்யும் வேலையில் ஒரு வரலாற்றுப் பாடம் அடங்கியிருக்கிறது.

தொழிற்சாலையில் பிறந்த எண்ணம்

முதலில் இந்த வண்டி பிறந்த கதையைப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிவுற்றது. ஜெர்மனியின் வடபகுதியில் வோல்ஃப்ஸ்பர்க் என்னும் ஊரில் குண்டுவீச்சால் பாதி இடிந்த நிலையில் ஒரு மோட்டார் தொழிற்சாலை நின்றது. அதுவே வோக்ஸ்வேகன் தொழிற்சாலை. அப்பகுதி பிரிட்டிஷ் படையின் ஆட்சியில் இருந்தது. மேஜர் ஐவன் ஹர்ஸ்ட் என்னும் பிரிட்டிஷ் அதிகாரி அத்தொழிற்சாலையின் பொறுப்பை ஏற்று, படையினரின் தேவைக்காகச் சிறிய கார்களைச் செய்விக்கத் தொடங்கினார். மேனாட்டார் 'வண்டு' என்றும், நம் நாட்டு மலாய் மக்கள் ஆமை என்று பொருள்படக் 'குரா' என்றும் செல்லமாக அழைத்த கார் அதுதான்.

தொழிற்சாலைக்குள் உதிரிப் பாகங்களை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குக் கொண்டு செல்ல வண்டிகள் தேவைப்பட்டன. எனவே காரின் அடிச்சட்டத்தின் மேல் ஒரு தட்டையான பலகையைப் பொருத்தி, பின்புறம் எஞ்சினுக்கு மேல் ஓட்டுநர் அமரும்படி ஒரு சரக்கு வண்டியைச் செய்துகொண்டார்கள். நெதர்லாந்து நாட்டிலிருந்து கார் வாங்க வந்த பென் போன் என்னும் வணிகர் அதைக் கண்டார். தம் நாட்டிலும் விற்கலாமே என்று எண்ணினார். ஆனால் ஓட்டுநர் முன்னால் அமர வேண்டும் என்று கூறி அந்நாட்டு அதிகாரிகள் அனுமதி மறுத்துவிட்டனர்.

அவர் அத்துடன் விடவில்லை. 1947-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் தம் குறிப்பேட்டில் ஒரு படம் வரைந்தார். ரொட்டித் துண்டு போன்ற ஒரு பெட்டி; முன்னால் ஓட்டுநர், பின்னால் எஞ்சின், நடுவில் சரக்கு. ஏற்றக்கூடிய எடை 750 கிலோ என்றும் குறித்தார். ஒரு பக்கத்தில் சில கோடுகளாக அமைந்த அந்தப் படமே பின்னர் உலகெங்கும் ஓடிய வேனுக்கு வித்தாக அமைந்தது.

1948-இன் தொடக்கத்தில் ஹைன்ரிக் நோர்டாஃப் என்பவர் தொழிற்சாலையின் தலைவரானார். அவர் காலத்தில் வேன் செய்யும் முயற்சி உருப்பெற்றது. முதலில் செய்த மாதிரி வண்டியைக் காரின் அடிச்சட்டத்தின் மேல் கட்டினார்கள். சுமையைத் தாங்க மாட்டாமல் அது தளர்ந்துவிட்டது. ஆகவே அடிச்சட்டமும் மேற்கூடும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு ஒன்றையொன்று தாங்கும்படி புதிய அமைப்பை வகுத்தார்கள். இந்த அமைப்பை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். துருவைப் பற்றிப் பேசும்போது இது மீண்டும் வரும். 1949 நவம்பரில் வேன் செய்தியாளர்களுக்குக் காட்டப்பட்டது. 1950 மார்ச் 8-ஆம் நாள் முறையான உற்பத்தி தொடங்கியது. எஞ்சின் 1131 சி.சி. கொள்ளளவும் 25 குதிரைத் திறனும் உடையது. இன்றைய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றின் திறன் இதனினும் மிகுதி!

சரக்கு வண்டி வீடாகிறது

ரொட்டிக்காரருக்கும் தச்சருக்கும் பால்காரருக்கும் சரக்கு ஏற்றுவதற்கென்று பிறந்த வண்டி எப்படி வீடாயிற்று?

ஜெர்மனியின் வீடன்ப்ரூக் என்னும் ஊரில் வெஸ்ட்ஃபாலியா என்றொரு நிறுவனம் இருந்தது. 1844-இல் கொல்லுப் பட்டறையாகத் தொடங்கிக் குதிரை வண்டிகள் செய்து, பின்னர் மோட்டார் வண்டிகளுக்கான இழுவை வண்டிகளைச் செய்த நிறுவனம் அது. 1951-இல் அந்நிறுவனத்தார் வோக்ஸ்வேகன் வேனுக்குள் வைப்பதற்கென்று ஒரு 'முகாம் பெட்டி'யைச் செய்தனர். மடித்தால் இருக்கை, விரித்தால் படுக்கை; சிறு அலமாரி; அடுப்பு வைக்க இடம்; முகம் கழுவ ஒரு தட்டம். வேண்டும்போது உள்ளே வைக்கலாம், வேண்டாதபோது வெளியே எடுத்துவிடலாம். வாரநாட்களில் தச்சர் அதே வேனில் பலகையும் கருவிகளும் ஏற்றிச் சென்றார். வார இறுதியில் பெட்டியை உள்ளே வைத்து மனைவி மக்களுடன் ஏரிக்கரைக்குப் புறப்பட்டார்.

இந்தச் சிறு பெட்டிக்குள் அக்காலச் சமூகத்தின் நிலையையே காண்கிறோம். போரில் வீடிழந்து, ஊரிழந்து, உணவுப் பங்கீட்டில் காலங்கழித்த மக்கள் அவர்கள். விடுதியில் தங்கப் பணம் இல்லை. தொழிலுக்கு ஒன்று, உல்லாசத்திற்கு ஒன்று என இரண்டு வண்டிகள் வாங்கவும் வழியில்லை. ஆனால் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலியக் கடற்கரையைக் காண வேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தது. ஆசைக்கும் வருவாய்க்கும் இடையே ஒரு பாலமாக அமைந்தது முகாம் பெட்டி.

இங்கிலாந்திலும் இதே போன்ற முயற்சிகள் நடந்தன. ஃபோக்ஸ்டன் நகரின் மார்ட்டின் வால்ட்டர் நிறுவனம் 1952-இல் பெட்ஃபோர்ட் வேனைக் கொண்டு 'டார்மோபில்' என்னும் வீட்டு வேனைச் செய்தது. உறங்குதலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. சில ஆண்டுகளில் சிட்மத் என்னும் ஊரில் மரவேலை செய்துவந்தவர்கள் 'டெவன்' என்ற பெயரில் வோக்ஸ்வேகன் வேன்களுக்கு மேசை, அலமாரி, படுக்கை பொருத்தினார்கள். ஆக, இவ்வண்டிகளின் வெளிக்கூடு பெருந்தொழிற்சாலையின் வேலை. உட்புறமோ தச்சரின் கைவேலை.

உற்பத்தி பெருகவே 1956-இல் வேன் செய்யும் வேலை ஹனோவர் நகரின் புதிய தொழிற்சாலைக்கு மாற்றப்பட்டது. முன்கண்ணாடி நடுவில் பிரிந்திருந்த முதல் தலைமுறை வேன் 1967-இல் ஜெர்மனியில் முடிவுற்றது. அகன்ற ஒரே கண்ணாடி கொண்ட இரண்டாம் தலைமுறை அங்கே 1979 வரை நீடித்தது. பிரேசில் நாட்டிலோ அவ்வகை வேன் 2013 வரை செய்யப்பட்டது. மோதல் காற்றுப்பைகளைக் கட்டாயமாக்கிய புதிய பாதுகாப்பு விதிகள் வந்த பிறகே அங்கு அதற்கு விடைகொடுத்தனர்.

அமெரிக்காவில் இது வேறொரு வரலாற்றில் புகுந்தது. ஜெர்மனியில் பணிபுரிந்த அமெரிக்கப் படைவீரர்கள் ஊர் திரும்பும்போது இவ்வண்டிகளைக் கொண்டு சென்றனர். 1960-களின் பிற்பகுதியில் வியட்நாம் போரை எதிர்த்த இளைஞர்கள் பழைய வேன்களை மலிவாக வாங்கி வண்ண வண்ணமாகச் சாயம் பூசி நாடெங்கும் சுற்றினர். ஐரோப்பிய இளைஞர்கள் இஸ்தான்புல், தெஹ்ரான், காபூல், பெஷாவர், டில்லி வழியாகக் காத்மாண்டு வரை தரைவழியே சென்றனர். 1979-இல் ஈரானில் ஏற்பட்ட புரட்சியும், அவ்வாண்டின் இறுதியில் சோவியத் படை ஆப்கானிஸ்தானில் நுழைந்ததும் அந்தப் பாதையை மூடிவிட்டன. பாதை மூடிவிட்டாலும், அதில் சென்று வந்த வண்டிகள் சில எஞ்சியுள்ளன.

துரு எங்கிருந்து வருகிறது?

இனி, இவ்வண்டிகளை அரிப்பது எது என்று பார்ப்போம்.

அடிச்சட்டமும் மேற்கூடும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டவை என்றோம். அந்த வலிமை எங்கிருந்து வருகிறது? மெல்லிய இரும்புத் தகடுகளை மடித்து, உள்ளே வெற்றிடம் இருக்கும்படி பெட்டி போலப் பற்றவைப்பதால் வருகிறது. தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. வெளியே சாயம் உண்டு. அந்தப் பெட்டிகளின் உட்புறத்திலோ போதிய பாதுகாப்பு இல்லை. கதவடியிலும், சக்கர வளைவுகளிலும், கூரை விளிம்பிலும், ஜன்னல் ரப்பர் பட்டைகளின் கீழும் நீர் புகுந்து தங்குகிறது. பனி பெய்யும் நாடுகளில் சாலையில் தூவும் உப்பும் அந்நீரோடு சேர்கிறது. வண்டி உள்ளிருந்து வெளியே அரிபடுகிறது. வெளிச்சாயத்தில் ஒரு சிறு கொப்புளம் தெரியும்போது உள்ளே உள்ளங்கையளவு ஓட்டை விழுந்திருக்கும்.

வீட்டு வேனுக்கு மற்றொரு பகையும் உண்டு. அதுதான் மனித மூச்சு! இரண்டு பேர் மூடிய வண்டிக்குள் ஓரிரவு உறங்கினால் அவர்கள் மூச்சிலும் வியர்வையிலும் ஒரு குவளைக்கும் மேற்பட்ட நீர் ஆவியாக வெளிப்படுகிறது. சமையல் எரிவாயு ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நீராவி உண்டாகிறது. இந்த ஆவி குளிர்ந்த இரும்புத் தகட்டில் பட்டு நீர்த்துளியாகிறது. குளிருக்காகத் தகட்டுக்கும் உட்பலகைக்கும் நடுவே திணித்த பஞ்சு அந்நீரைக் குடித்துவிட்டு உலராமல் கிடக்கிறது. ஆகவே, குடும்பம் மகிழ்ந்து தங்கிய ஒவ்வோர் இரவும் அந்த வண்டியின் ஆயுளில் சிறிதளவைக் குறைத்தது எனலாம்.

இரும்பு துருவாகும்போது முன்னைவிடப் பன்மடங்கு இடத்தைப் பிடிக்கும். எனவே இரண்டு தகடுகள் சேரும் மடிப்பில் துரு நுழைந்தால் ஆப்பு வைத்தாற்போல் மடிப்பையே பிளந்துவிடும். காற்றில் ஈரம் மிகுந்த நம் நாட்டில் இது எவ்வளவு விரைவாக நடக்கும் என்பதை வீட்டு வாயிற்கதவின் கீல்களைப் பார்த்தாலே அறியலாம். வறண்ட கலிஃபோர்னியாவில் கிடந்த வேன்கள் ஐம்பது ஆண்டுகட்குப் பின்னும் உறுதியாக இருப்பதும், ஐரோப்பியர் அங்கு சென்று பழைய வண்டிகளை வாங்கிக் கப்பலேற்றி வருவதும் இதனாலேயே.

கழுவுவதற்கு முன்

பழைய வேன் ஒன்று கைக்கு வந்ததும் பலரும் முதலில் தேடுவது தண்ணீர்க் குழாயை. அனுபவம் மிக்கவர்கள் தேடுவதோ புகைப்படக் கருவியையும் குறிப்பேட்டையும். எதையும் தொடுமுன் வண்டியின் நான்கு புறத்தையும் உட்புறத்தையும் படமெடுக்கிறார்கள். எந்தத் திருகு எங்கிருந்தது, எந்தத் திரைச்சீலை எந்த ஜன்னலில் தொங்கியது என்று எழுதிவைக்கிறார்கள்.

அடுத்து, வண்டியின் 'பிறப்புச் சான்றைத்' தேடுகிறார்கள். 1950-களின் இறுதியிலிருந்து இந்த வேன்களில் முன்னிருக்கைப் பகுதியில் ஒரு சிறு தகடு பொருத்தப்பட்டது. அதில் எண்களும் எழுத்துகளுமாகப் பல குறியீடுகள் இருக்கும். செய்யப்பட்ட நாள், முதற்சாயம், சிறப்புப் பொருத்துகள், எந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டது ஆகியவற்றை அவற்றிலிருந்து படித்தறியலாம். அடிச்சட்ட எண்ணைக் கொடுத்தால் வோல்ஃப்ஸ்பர்க்கில் உள்ள வோக்ஸ்வேகன் மோட்டார் அருங்காட்சியகம் பழைய ஏடுகளைப் பார்த்துச் சான்றிதழ் வழங்குகிறது. நமக்குக் கல்வெட்டு எப்படியோ அப்படியே அவர்களுக்கு அந்தத் தகடு. துருவைத் தேய்க்கும் அவசரத்தில் அதனைப் பிடுங்கி எறிந்தவர்களும் உண்டு. அவ்வாறு எறியப்பட்டபின் அந்த வண்டியின் இளமைக் காலத்தை அறிய வழி மிகவும் குறுகிவிடுகிறது.

பின்னர் உட்புறத்தைத் துப்புரவாக்குதல். எலிக்கூடு, பூஞ்சை, மக்கிய மெத்தை இவற்றை அகற்றத்தான் வேண்டும். ஆனால் அகற்றுமுன் பார்க்க வேண்டும். அலமாரி இழுப்பறையின் அடியில் தச்சர் பென்சிலால் இட்ட அளவுக் குறி இருக்கலாம். இருக்கைக்கு அடியில் ஒரு சுங்கச் சீட்டோ, முகாம் திடலின் கட்டணச் சீட்டோ கிடக்கலாம். அந்தக் குடும்பம் எந்த ஆண்டில் எந்த எல்லையைக் கடந்தது என்பதை வேறெந்த நூலும் நமக்குச் சொல்லப்போவதில்லை.

இவ்வேலையில் உயிருக்கு ஊறு விளைவிக்கும் சிலவும் உள்ளன. பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் உண்டு. அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பழைய சாயங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்து அந்தத் தூசியைச் சுவாசித்தல் தீது. பெட்ரோல் செல்லும் ரப்பர் குழாய்கள் வெளியே நன்றாகத் தோன்றினாலும் உள்ளே வெடித்திருக்கும். எஞ்சின் கூடு மக்னீசிய உலோகக் கலவையால் ஆனதால் ஒருமுறை தீப்பிடித்தால் அணைப்பது அரிது. எனவே அக்குழாய்களையும் அடுப்பின் எரிவாயுக் குழாயையும் பழைமை கருதி விட்டுவைப்பதில்லை; மாற்றிவிடுகிறார்கள். வரலாற்றைக் காப்பது என்பது ஆபத்தையும் சேர்த்துக் காப்பது அன்று.

வெட்டுவதும் ஒட்டுவதும்

துரு இருவகை. மேலாகப் படர்ந்தது ஒன்று. உள்ளே தின்றுவிட்டது மற்றொன்று. மேலாகப் படர்ந்ததைத் தேய்த்து நீக்கி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த நீர்மத்தைத் தடவி, அடிச்சாயம் பூசினால் போதும். தின்றுபோன இடத்தை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டியெடுத்து, அதே கனமுள்ள தகட்டைப் பற்றவைக்க வேண்டும். ஓட்டையின் மேல் பட்டியை அப்பிச் சாயம் பூசி விற்பவர்களும் இருக்கிறார்கள். காந்தத்தை வைத்துப் பார்த்தால் உண்மை வெளிப்படும். பட்டி தடித்த இடத்தில் காந்தம் ஒட்டாது.

கதவடிச் சட்டத்தை வெட்டுமுன் கதவு வாயிலுக்குக் குறுக்கே இரும்புக் கழிகளைப் பற்றவைத்து முட்டுக் கொடுக்கிறார்கள். கொடுக்காவிட்டால் வண்டி நடுவில் தொய்ந்து, பின்னர் எந்தக் கதவும் மூடாது. மேற்கூடும் அடிச்சட்டமும் ஒன்றையொன்று தாங்கும் அந்த 1949-ஆம் ஆண்டு அமைப்பைப் பட்டறையில் இருப்பவர் இவ்விடத்தில்தான் கைப்படப் புரிந்துகொள்கிறார். வேலை முடிந்தபின் வெற்றிடப் பெட்டிகளுக்குள் உருகிய மெழுகைப் பீய்ச்சி, முன்பு செய்யாமல் விட்ட பாதுகாப்பைச் செய்கிறார்.

சாயத்தைப் பொறுத்தவரை ஓர் அழகிய முறை உண்டு. வண்டியின் மறைவான ஓரிடத்தில் நாணய அளவுக்கு மெல்லிய உப்புத்தாளால் வட்டமாகத் தேய்க்கிறார்கள். மரத்தின் ஆண்டு வளையங்கள் போல ஒன்றன்கீழ் ஒன்றாகச் சாய அடுக்குகள் தெரிகின்றன. மேலே வெள்ளை, அதன்கீழ் ஆரஞ்சு, அதன்கீழ் பச்சை, அடியில் தொழிற்சாலையில் பூசிய நீலம் என்று கொள்வோம். நான்கு அடுக்கு, நான்கு காலம். இப்போது கேள்வி எழுகிறது: இவற்றுள் எந்தக் காலத்துக்கு வண்டியைத் திருப்புவது?

முதல் நீலத்துக்கே திருப்ப வேண்டும் என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஆரஞ்சுச் சாயம் 1970-களில் இந்தியாவுக்குத் தரைவழிப் பயணம் புறப்படும்போது பூசப்பட்டதாக இருந்தால்? அதைத் தேய்த்தெடுத்தால், தொழிற்சாலை வாசலில் நின்ற முதல் நாள் மட்டும் எஞ்சும். அதன்பின் அது வாழ்ந்த ஐம்பது ஆண்டும் மறைந்துவிடும்.

மூன்று வண்டிகள்

இக்கேள்விக்கு மக்கள் தந்த விடைகளுக்கு மூன்று எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம். மூன்றும் வோக்ஸ்வேகன் வேன்களே. அவற்றுள் படுக்கையும் அடுப்பும் இல்லை. எனினும் வீட்டு வேனுக்கும் அவை பாடமாகும்.

முதலாவது, 'சோஃபி' என்ற செல்லப்பெயர் கொண்ட நீல வேன். 1950 ஆகஸ்டில் வோல்ஃப்ஸ்பர்க்கில் செய்யப்பட்டது. அதன் அடிச்சட்ட எண் 1880 என முடிகிறது. ஜெர்மனியில் நெடுங்காலம் உழைத்த அந்தச் சரக்கு வண்டி பின்னர் டென்மார்க் நாட்டுச் சேகரிப்பாளர் ஒருவரிடம் சேர்ந்தது. அவர் அதனைப் பொறுமையாகச் சீர்செய்து பழைய பொலிவுக்குக் கொண்டுவந்தார். 2014-இல் வோக்ஸ்வேகன் நிறுவனமே அதை வாங்கித் தன் பழைய வண்டிகளின் தொகுப்பில் சேர்த்தது. இன்றும் சாலையில் ஓடத் தகுதியுள்ள அவ்வகை வேன்களில் மிகப் பழையது என்று அதனைப் போற்றுகிறார்கள். தொடக்கக் கால வேன் எப்படி இருந்தது, எப்படி ஓடியது என்பதைக் காட்ட இத்தகைய வண்டி ஒன்று வேண்டும். அங்கு முதல் நாளுக்குத் திருப்பியது பொருத்தமே.

இரண்டாவது, 'லைட்' என்னும் வேன். அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரத்து ஓவியர் பாப் ஹிரோனிமஸ், இசைக்குழு ஒன்றுக்காக 1963-ஆம் ஆண்டு வேன் ஒன்றின் மேல் 1968-இல் குறியீட்டு ஓவியங்களைத் தீட்டினார். 1969 ஆகஸ்டில் நடந்த வுட்ஸ்டாக் இசைவிழாவுக்கு அந்த வேன் சென்றது. அங்கு எடுக்கப்பட்ட அதன் புகைப்படம் உலகெங்கும் பரவியது. ஆனால் வண்டியைப் பேணுவார் இல்லை. அன்று அது ஒரு பழைய வேன், அவ்வளவே. விழாவின் ஐம்பதாம் ஆண்டு நெருங்கியபோது தேடினார்கள்; கிடைக்கவில்லை. ஆகவே அதே ஆண்டைச் சேர்ந்த வேறொரு வேனை எடுத்துச் சீர்செய்து, அதே ஓவியரின் மேற்பார்வையில் பழைய படங்களைப் பார்த்து மீண்டும் தீட்டி, 2019-இல் விழா நடந்த வட்டாரத்துக்குக் கொண்டு சென்றார்கள். கண்ணுக்கு இனிய வேலைதான். எனினும் அந்த மழையில் நனைந்த வண்டி இது அன்று. பழையதை நினைவூட்ட இதனால் முடியும். பழையதற்குச் சாட்சி சொல்ல முடியாது.

மூன்றாவது வண்டியின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் ஜான்ஸ் தீவு உள்ளது. அங்கு 1910-இல் பிறந்தவர் ஈசா ஜென்கின்ஸ் என்னும் கறுப்பின மக்கள் தலைவர். தீவின் கறுப்பினப் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குச் செல்ல வழியில்லாதிருந்தது. அவர் 1940-களில் ஒரு பேருந்து வாங்கிப் பிள்ளைகளையும், சார்ல்ஸ்டன் நகரில் வேலை செய்யும் பெரியவர்களையும் ஏற்றிச் சென்றார். அக்காலத்தில் வாக்காளராகப் பதிய வேண்டுமானால் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களை வாக்குரிமையிலிருந்து விலக்கவே அவ்விதி பயன்பட்டது. ஜென்கின்ஸ் என்ன செய்தார்? ஓடும் பேருந்திலேயே பயணிகளுக்கு அந்தச் சட்டப் பகுதியைப் பாடமாகச் சொல்லிக் கொடுத்தார். அம்முயற்சி வளர்ந்து 1957-இல் ஜான்ஸ் தீவில் முதல் குடியுரிமைப் பள்ளியாக மலர்ந்தது. அப்பள்ளிகள் பின்னர் தென் மாநிலங்கள் பலவற்றிலும் பரவி, எண்ணற்ற மக்களை வாக்காளர் ஆக்கின.

பிற்காலத்தில் அவர் ஒரு வோக்ஸ்வேகன் வேனைப் பயன்படுத்தினார். 1960-களின் நடுவில் செய்யப்பட்ட அந்த வேனின் பின்புறத்தில் தம் கொள்கையை எழுதிவைத்தார்: அன்பே முன்னேற்றம், வெறுப்போ பெருஞ்செலவு என்பது அதன் கருத்து. 1972-இல் அவர் மறைந்தார். வேன் குடும்பத்தாரின் வளவில் நாற்பது ஆண்டுக்கு மேல் கடற்காற்றில் நின்றது. துரு தின்றது, சாயம் மங்கியது, எழுத்துகள் மட்டும் மங்கலாக நின்றன.

அந்த வண்டியின் பின்பகுதித் தகடுகளை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் பெற்றுக்கொண்டது. எஞ்சிய பகுதியைப் பாதுகாப்பு வல்லுநர்கள் எடுத்தனர். புதிய சாயம் பூசிப் பளபளக்கச் செய்திருந்தால் செய்திருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. துரு மேலும் பரவாமல் தடுத்து, உதிர்வதை நிலைநிறுத்தி, தேய்ந்த மேனியை அப்படியே விட்டார்கள். 2019-இல் வாஷிங்டனின் நேஷனல் மால் திடலில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தத் துருப்பிடித்த வேன் மக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது.

ஏன் சாயம் பூசவில்லை? அந்த எழுத்துகள் அவர் வாழ்ந்த காலத்தில், அவர் விருப்பப்படி எழுதப்பட்டவை. அவற்றின்மேல் அதே வடிவில் புதிதாக எழுதினாலும், நாம் காண்பது நம் காலத்துச் சாயமாகவே இருக்கும். அந்த வண்டியில் நாற்பதாண்டுத் துருவும் ஒரு செய்தி சொல்கிறது. ஒரு நாட்டின் வாக்குரிமை வரலாற்றில் பெரும்பங்கு ஆற்றியவரின் வண்டி இத்தனை காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது என்பதே அச்செய்தி.

எந்த வண்டிக்கு எது பொருந்தும்?

பழைய வாகனங்களுக்கான அனைத்துலகக் கூட்டமைப்பு, 'ஃபீவா' என்பது அதன் சுருக்கப் பெயர், 2012-இல் 'டூரின் சாசனம்' என்னும் நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. பழங்கட்டடங்களைக் காப்பதற்காக 1964-இல் வகுக்கப்பட்ட வெனிஸ் சாசனத்தின் வழியில் அமைந்தது அது. காத்தல், சீர்செய்தல் முதலியவற்றை அது வேறு வேறாகப் பிரித்துக் காட்டுகிறது. செய்யும் வேலையைப் பதிவுசெய்ய வேண்டும், தேவைக்கு மேல் மாற்றக் கூடாது, பழையதற்கும் புதியதற்கும் வேறுபாடு தெரிய வேண்டும் என்பவை அதன் உட்பொருள். கோயில் திருப்பணியில் பழைய கல்வெட்டுகளின்மேல் சுண்ணாம்பு பூசிவிடும் வழக்கத்தைக் கண்டு வருந்திய வரலாற்று ஆசிரியர்களுக்கு இந்நெறியின் அருமை நன்கு விளங்கும்.

வீட்டு வேன் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதனை அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. அது ஓடப் பிறந்தது. குடும்பத்தோடு கடற்கரைக்குச் செல்வதே அதன் இயல்பு. பிரேக்கும் எரிபொருள் குழாயும் புதியனவாக இருக்கட்டும். அழுகிய அடிச்சட்டம் மாற்றப்படட்டும். பூஞ்சை பிடித்த மெத்தைக்குப் பதில் நல்ல மெத்தை வரட்டும். ஆனால் தின்னும் அழுக்கு வேறு, சொல்லும் அழுக்கு வேறு. துரு தின்னும் அழுக்கு. அதை நிறுத்த வேண்டும். மங்கிய எழுத்தும், தேய்ந்த பிடியும், பென்சில் குறியும் சொல்லும் அழுக்கு. அதைப் படிக்க வேண்டும். படித்து எழுதிவைத்த பிறகே துணியைக் கையில் எடுக்க வேண்டும்.

ஒரு வண்டியைப் புதிய சாயத்தால் எத்தனை முறையும் பூசலாம். முதற்சாயத்தை ஒரே ஒரு முறைதான் அழிக்க முடியும்; அழித்தபின் எத்தனை வெள்ளி கொடுத்தாலும் அது திரும்பாது.

நேயர்களே, நம் வீடுகளிலும் பாட்டனார் ஓட்டிய மிதிவண்டியோ, பெற்றோர் வைத்திருந்த தையல் இயந்திரமோ, பெயர் பொறித்த பழைய தகரப் பெட்டியோ ஒரு மூலையில் இருக்கலாம். அதைத் துலக்க எண்ணும் நாளில், முதலில் அதை ஒரு படம் எடுங்கள். அதைப் பயன்படுத்தியவர்கள் உயிரோடிருந்தால் அவர்களை அழைத்து அருகில் அமர்த்தி, ஒவ்வொரு கீறலும் எப்படி வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு அது பள்ளியில் கிடைக்காத வரலாற்றுப் பாடமாக அமையும்.